வேக எண் போடும் முறைகள்: ஒரே ரேஸ் நாளை வைத்து ஓர் ஒப்பீடு

ஒரு குதிரை ஆறு ஃபர்லாங்கை (எட்டு ஃபர்லாங் ஒரு மைல்) 70 வினாடியில் முடித்தது என்றால், அது நல்ல ஓட்டமா சுமாரான ஓட்டமா என்று அந்த ஒரு நேரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அன்று மண் இறுகி வேகமாக இருந்திருக்கலாம், ஆழமாக இளகி இருந்திருக்கலாம், நேர்கோட்டில் எதிர்க்காற்று அடித்திருக்கலாம். கென்டக்கி டெர்பியை இரண்டு நிமிடத்துக்குள் ஓடி ஜெயித்த குதிரைகள் இரண்டே: 1973-இல் செக்ரட்டேரியட் 1:59.40, 2001-இல் மொனார்கோஸ் 1:59.97. கடிகாரத்தை மட்டும் நம்பினால் இரண்டுக்கும் இடையே அரை வினாடிதான். ஆனால் 2001-இல் அந்த நாளில், டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் டிராக்கின் மண் மிக வேகமாக இருந்தது. அதைக் கழித்துப் பார்க்காமல் இந்த இரண்டு நேரங்களையும் பக்கத்தில் வைக்கக் கூடாது. அப்படிக் கழிப்பதற்குத்தான் வேக எண்.

வேக எண்ணில் மூன்று பாகங்கள் உண்டு. நேரத்தைப் புள்ளியாக மாற்றும் அட்டவணை, பின்தங்கிய லெங்த்தை (ஒரு குதிரையின் உடல் நீளம் ஒரு லெங்த்) புள்ளியாக மாற்றும் அட்டவணை, அன்றைய டிராக் எவ்வளவு வேகம் அல்லது மந்தம் என்று சொல்லும் நாள் திருத்தம், அதாவது வேரியன்ட். முதல் இரண்டும் ஒருமுறை செய்துவிட்டால் தீர்ந்தது. முறைகள் எல்லாம் பிரிவது மூன்றாவதில்தான். ஆகவே கீழே ஒவ்வொரு முறையையும் ஒரே ரேஸ் நாளில் ஓட்டிப் பார்க்கிறோம். கணக்கு விளங்குவதற்காக உருவாக்கிய நாள்தான் இது, ஆனால் இதில் வரும் சிக்கல் எந்த டிராக்கிலும் மாதத்துக்கு ஒருமுறையாவது வரும்.

முதலில் அட்டவணை. அடிப்படை நேரங்களாக 6 ஃபர்லாங்குக்கு 70.0, 7 ஃபர்லாங்குக்கு 83.0, 8.5 ஃபர்லாங்குக்கு 104.0 வினாடி என்று வைத்து, மூன்றுக்கும் 100 புள்ளி கொடுப்போம். 1000-ஐ அடிப்படை நேரத்தால் வகுத்தால் ஒரு வினாடிக்கு எத்தனை புள்ளி என்று வரும்: 6 ஃபர்லாங்கில் 14.3, ஏழில் 12.0, எட்டரையில் 9.6. ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று பார்த்தால் முறையே ஏறக்குறைய 2.9, 2.4, 1.9 புள்ளி. தூரம் கூடக் கூட ஒரே அளவு நேரத்தின் மதிப்பு குறைய வேண்டும் என்ற இந்த விகித யோசனையை அமெரிக்கக் குதிரைப் பந்தய எழுத்தாளர் ஆண்ட்ரூ பேயர் 1975-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் பரவலாக்கினார். இன்றுள்ள நல்ல முறைகள் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் இதையே செய்கின்றன.

அன்றைய ஆறு மண் ரேஸ்கள் இவை. நேரம் வினாடியில், 'பார்' என்பது அந்த கிளாஸில், அதாவது அந்தத் தர மட்டத்து ரேஸில், ஜெயிக்கும் குதிரை வழக்கமாக எடுக்கும் எண். 'கச்சா எண்' என்பது நாள் திருத்தத்துக்கு முன் அட்டவணை தரும் எண், வித்தியாசம் அதிலிருந்து பாரைக் கழித்தது.

1-ஆம் ரேஸ், 6 ஃபர்லாங், பார் 68, நேரம் 71.90, கச்சா எண் 73, வித்தியாசம் +5
3-ஆம் ரேஸ், 6 ஃபர்லாங், பார் 80, நேரம் 70.85, கச்சா எண் 88, வித்தியாசம் +8
5-ஆம் ரேஸ், 7 ஃபர்லாங், பார் 86, நேரம் 83.60, கச்சா எண் 93, வித்தியாசம் +7
6-ஆம் ரேஸ், 8.5 ஃபர்லாங், பார் 84, நேரம் 106.10, கச்சா எண் 80, வித்தியாசம் −4
8-ஆம் ரேஸ், 6 ஃபர்லாங், பார் 92, நேரம் 69.95, கச்சா எண் 101, வித்தியாசம் +9
9-ஆம் ரேஸ், 8.5 ஃபர்லாங், பார் 78, நேரம் 105.80, கச்சா எண் 83, வித்தியாசம் +5

ஐந்து ரேஸ்கள் ஒரு கதை சொல்கின்றன, 6-ஆம் எண் ரேஸ் மட்டும் வேறு கதை சொல்கிறது. அதில் முதல் அரை மைல் 49.5 வினாடி, அந்த கிளாஸுக்கு இரண்டு வினாடியாவது மெதுவு. ஒரு முறையின் தரம் இந்த ஆறாவது ரேஸை அது எப்படி நடத்துகிறது என்பதில் தெரிந்துவிடும்.

பழைய முறை: சாதனை நேரத்திலிருந்து கழிப்பது

அமெரிக்கப் பந்தயப் பத்திரிகையான டெய்லி ரேஸிங் ஃபார்மில் நெடுங்காலமாக வரும் ஸ்பீடு ரேட்டிங், டிராக் வேரியன்ட் இரண்டும் இந்த வகை. அந்த டிராக்கில் அந்தத் தூரத்துக்கான சிறந்த நேரம் 100. ஐந்தில் ஒரு வினாடி குறைந்தால் ஒரு புள்ளி போகும், ஒரு லெங்த் பின்தங்கினாலும் ஒரு புள்ளி போகும். அன்றைய ரேஸ்களில் ஜெயித்த குதிரைகள் 100-க்கு எவ்வளவு குறைந்தன என்பதன் சராசரி வேரியன்ட். இரண்டையும் கூட்டிப் பார்ப்பது வழக்கம்.

நம் டிராக்கில் சிறந்த நேரங்கள் 68.0, 81.0, 102.0 என்று கொள்வோம். முதல் ரேஸில் ஜெயித்த குதிரை 19.5 புள்ளி இழக்கிறது, ஆறாவதில் ஜெயித்தது 20.5 இழக்கிறது. ஆறு ரேஸின் சராசரி 16. ஆக இரண்டுக்குமே கூட்டுத்தொகை ஏறக்குறைய 96. பார் 68 உள்ள அடிமட்ட ரேஸும் பார் 84 உள்ள ரேஸும் சமம் என்கிறது இந்த முறை.

காரணம் இரண்டு. ஒன்று, நான்கு வினாடி என்பது 6 ஃபர்லாங்கில் 57 புள்ளிக்குச் சமம், எட்டரையில் 38-க்குத்தான் சமம். இந்த முறை இரண்டுக்கும் 20 போடுகிறது. இரண்டு, வேரியன்ட்டில் குதிரைகளின் தரமும் கலந்துவிடுகிறது. மலிவான குதிரைகள் மட்டும் ஓடும் வார நாளில் டிராக் வேகமாகவே இருந்தாலும் வேரியன்ட் பெரிதாக வரும், அந்தக் குதிரைகளுக்கு இலவசமாகப் புள்ளி சேரும். பெரிய பரிசுள்ள ஸ்டேக்ஸ் ரேஸ்கள் நிறைந்த சனிக்கிழமையில் அதற்கு நேர்மாறு. வேறு எதுவும் கையில் இல்லாதபோது ஒரே டிராக்கில், ஒரே தூரத்தில், அடுத்தடுத்த வாரங்களை ஒப்பிட இதைப் பார்க்கலாம். அதற்கு மேல் இதை நம்பிக் காசு போட வேண்டாம்.

பார் முறை

சொந்தமாக எண் போடத் தொடங்குபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். உழைப்பு முன்கூட்டியே போய்விடும், பிறகு ஒரு நாள் கார்டை (அன்றைய ரேஸ்கள் முழுவதையும்) முடிக்க அரை மணி போதும்.

பார் போடுவது இப்படி. ஒரு முழு ஆண்டின் ரிசல்ட் சார்ட்களை எடுங்கள். உலர்ந்த, வேகமான டிராக்கில் ஓடிய ரேஸ்களை மட்டும் வையுங்கள். தூரம், கிளாஸ் வாரியாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் நடு எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், மந்தமாக ஓடிய இரண்டு ரேஸ் சராசரியைக் கீழே இழுத்துவிடும். ஒரு கட்டத்தில் 25 ரேஸாவது இல்லையென்றால் பக்கத்து கிளாஸ்களிலிருந்து இட்டு நிரப்புங்கள். பெண் குதிரைகளுக்கான ரேஸ், மாநிலத்தில் பிறந்த குதிரைகளுக்கான ரேஸ், மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான ரேஸ் ஆகியவற்றுக்குத் தனிப் பார் வேண்டும். மூன்று வயதுக்கான பார் மாதந்தோறும் ஏறும். ஜனவரிக்கும் அக்டோபருக்கும் ஒரே பார் வைத்தால் வசந்த காலத்து நாள் திருத்தம் எல்லாம் ஒரு பக்கமாகச் சாயும்.

தூரம் ஒன்றாக இருந்தாலும் வளைவுகளின் எண்ணிக்கை வேறுபட்டால் அது வேறு ரேஸ். பெல்மாண்ட் பார்க்கின் மண் டிராக் ஒன்றரை மைல் சுற்று, அங்கே எட்டரை ஃபர்லாங்கை ஒரே வளைவில் ஓடினார்கள். ஒரு மைல் சுற்றுள்ள சர்ச்சில் டவுன்ஸில் அதே தூரத்துக்கு இரண்டு வளைவு. இரண்டுக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது.

நம் நாளுக்கு வருவோம். ஆறு வித்தியாசங்களின் சராசரி +5, அதாவது டிராக் ஐந்து புள்ளி வேகம், ஒவ்வொரு கச்சா எண்ணிலிருந்தும் 5 கழிக்க வேண்டும். ஆறாவது ரேஸை விட்டுவிட்டால் சராசரி 6.8, கழிக்க வேண்டியது 7. அப்போது ஆறாவதில் ஜெயித்த குதிரைக்கு 73. இங்கே பொதுவாக நடக்கும் தவறு, தூர ரேஸ்களைத் தனியாகப் பிரித்து +5, −4 இரண்டின் சராசரியை எடுப்பது. அப்படிச் செய்தால் தூர ரேஸ்களுக்குக் கழிக்க வேண்டியது ஒன்றும் இல்லாமல் போய், ஒன்பதாவதில் ஜெயித்த குதிரைக்குப் பார் 78-ஐத் தாண்டி 83 கிடைக்கும். அந்தக் குதிரை அடுத்த முறை ஃபேவரிட்டாக இறங்கும், தோற்கும். ஒரு கெட்ட ரேஸ் பக்கத்து ரேஸின் எண்ணையும் கெடுக்கும் வழி இதுதான். சிறு தூரத்துக்கும் நெடுந்தூரத்துக்கும் தனித்தனித் திருத்தம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது மூன்று ரேஸ் இருக்க வேண்டும், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவும் வேண்டும். காற்று திசை மாறிய நாள், நடுவில் மழை பெய்த நாள், இடைவேளையில் தண்ணீர் ஊற்றிய நாள் என்றால் ரேஸ் எண் வரிசைப்படி பிரியுங்கள்.

பார் முறையின் பலவீனம், அது குதிரையைப் பார்ப்பதில்லை, கிளாஸின் பெயரைப் பார்க்கிறது. ஒரே பெயருள்ள ரேஸில் இன்று நான்கு நல்ல குதிரைகள், நாளை ஆறு சோப்ளாங்கி. பரிசுத் தொகை கூடும்போதும் கிளாஸ்களின் அர்த்தம் மெல்ல நகரும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பாரைப் புதுப்பிக்காவிட்டால் பழைய எண்ணும் புதிய எண்ணும் பேசிக்கொள்ளாது. அமெரிக்கப் பந்தய ஆய்வாளர் வில்லியம் குயிரின் 1980-களில் தந்த வடிவமும் பார் முறைதான்: 10,000 டாலர் கிளெய்மிங் குதிரைகளின் (அந்த விலைக்கு யாரும் வாங்கிக்கொள்ளலாம் என்ற ரேஸில் ஓடுபவை) பாரை 100 என்று வைத்து, அதோடு ஆரம்ப வேகத்துக்கும் ஓர் எண் சேர்த்தார். ஆரம்ப வேக எண்ணைத் தனி நெடுவரிசையில் வைக்கும் அந்தப் பழக்கத்தை இன்றும் பின்பற்றுவது நல்லது.

புரொஜெக்‌ஷன் முறை

பேயர் எண்கள் 1991-இல் ரேஸிங் டைம்ஸ் பத்திரிகையிலும், 1992 முதல் டெய்லி ரேஸிங் ஃபார்மிலும் வருகின்றன. அந்த எண்களைப் போடும் குழு பாரை ஒரு துணையாகத்தான் வைத்துக்கொள்கிறது. உண்மையில் நடப்பது முன்கணிப்பு: ஓடிய குதிரைகளின் பழைய எண்களைப் பார்த்து, இந்த ரேஸ் எந்த எண்ணுக்கு வந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ரேஸுக்கும் கணிக்கிறார்கள். கணித்ததற்கும் கச்சா எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து நாள் திருத்தம் பிறக்கிறது.

ஆறாவது ரேஸில் ஜெயித்த குதிரையின் கடைசி மூன்று எண்கள் 83, 85, 82. ஒரு லெங்த் பின்னால் வந்தது 80, 81, 79. அதற்கு அரை லெங்த் பின்னால் மூன்றாவது, 84, 78, 80. எட்டரை ஃபர்லாங்கில் ஒரு லெங்த்துக்கு ஏறக்குறைய 1.7 புள்ளி. பார் முறை சொல்வதுபோல் 73 கொடுத்தால் இரண்டாவதுக்கு 71, மூன்றாவதுக்கு 70. மூன்று குதிரைகளும் ஒரே நாளில் எட்டு முதல் பத்து புள்ளி விழுந்தன என்று ஆகிறது. அது நடக்க வாய்ப்பு குறைவு. ஆகவே புரொஜெக்‌ஷன் முறையில் இந்த ரேஸை நாளிலிருந்து பிரித்து எடுத்து, ஜெயித்ததுக்கு 83 போடலாம். அமெரிக்கக் கணிப்பாளர்கள் இதை ரேஸை 'பிரேக் அவுட்' செய்வது என்பார்கள்.

இந்த முறையின் அழகும் ஆபத்தும் இந்த இடத்தில்தான். நாள் முழுக்க ஓடிய ஐம்பது அறுபது குதிரைகளின் வரலாறும் கணக்கில் சேர்வதால், கிளாஸ் பெயர் ஏமாற்றும் நாட்களில் பார் முறையைவிட இது தெளிவாக உயர்ந்து நிற்கிறது. அனுபவமுள்ள கை இதைச் செய்யும்போது சந்தையில் இதைவிட நம்பகமான பொது எண் கிடையாது. உச்சக் குதிரைகளை அடையாளம் காட்டுவதிலும் இது தவறியதில்லை: 2004-இல் கோஸ்ட்ஸாப்பருக்கு 128, 2022 பசிஃபிக் கிளாசிக்கில் ஃபிளைட்லைனுக்கு 126 என்ற பேயர் எண்கள் அந்தக் குதிரைகள் காட்டிய இடைவெளியோடு பொருந்துகின்றன.

ஆனால் 83 என்று எழுதும்போது அந்த எண்ணில் கடிகாரம் எங்கே இருக்கிறது? குதிரைகள் வழக்கம்போல ஓடியிருக்கும் என்று நாமே முடிவு செய்து, அந்த முடிவையே எண்ணாக எழுதுகிறோம். பத்து ரேஸுக்கு ஒன்று என்றால் பரவாயில்லை. கை தாராளமாகிவிட்டால் எண்கள் எல்லாம் வழுவழுவென்று சீராக வரும், புதிய தகவல் எதுவும் இருக்காது. இன்னொரு விளைவும் உண்டு. இளம் குதிரைகள் வளர்கின்றன. அவற்றின் பழைய எண்ணையே திரும்ப எதிர்பார்த்தால், குதிரை உண்மையில் மூன்று புள்ளி முன்னேறியிருந்தாலும் அதை டிராக்கின் வேகம் என்று கணக்கு எழுதிவிடுவோம். மாதம் போகப் போக மொத்த அளவுகோலும் கீழே நழுவும். இதைத் தடுக்க, வயதான, நிறைய ரேஸ் ஓடிய, ஒரே மட்டத்தில் நிற்கும் குதிரைகளுக்குக் கூடுதல் எடை கொடுங்கள். இரண்டு வயதுக் குதிரைகளை நாள் திருத்தத்துக்கு அறவே சேர்க்காதீர்கள். மாதக் கடைசியில் பாரோடு ஒப்பிட்டு அளவுகோல் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாவது ரேஸுக்கு எங்கள் தீர்ப்பு: 73 என்றே எழுதி, பக்கத்தில் மந்த பேஸ் (ஆரம்ப ஓட்டம் மெதுவு) என்று குறியிடுங்கள். டிராக் மாறவில்லை, ரேஸ் நடந்த விதம் மாறியது. காற்றோ தண்ணீரோ காரணம் என்று காட்ட முடிந்தால்தான் பிரேக் அவுட். அந்தக் குதிரைகள் திரும்ப ஓடிய பிறகு எண்ணைத் திருத்தலாம், ஒரே ஒருமுறை.

ரிக்ரெஷன் முறை

கம்ப்யூட்டர் கையில் இருப்பவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் வழி. ஓட்ட நேரத்தின் மடக்கையை எடுத்து, அதைக் குதிரையின் திறன், டிராக்கும் தூரமும், அன்றைய நாளும் தரையும், மிச்சம் என்று நான்காகப் பிரித்து, ஆயிரக்கணக்கான ஓட்டங்களை ஒரே நேரத்தில் தீர்ப்பது. பார் தனியாக வேண்டாம், டிராக்குகளுக்கு இடையேயான ஒப்பீடும் தானாக வரும், மனிதக் கையின் ஆசையும் சேராது.

எளிதாகத் தோன்றுவதால் பலர் இதில் வழுக்குகிறார்கள். குதிரைத் திறனை மாறாத ஒரே எண்ணாக வைத்தால், வளரும் குதிரைகளால் மேலே சொன்ன அதே நழுவல் இங்கேயும் வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காலத்தால் தேயும் எடை கொடுக்க வேண்டும், வயதுக்குத் தனி வளைவு வேண்டும். பதினைந்து லெங்த்துக்கு மேல் பின்தங்கிய குதிரைகளை நீக்க வேண்டும், ஜாக்கி கையை விட்டுவிட்ட குதிரையின் நேரம் எதையும் அளப்பதில்லை. ஒரு டிராக்கின் குதிரைகள் வேறெங்கும் போய் ஓடாவிட்டால் அந்த டிராக்கை மற்றவற்றோடு இணைக்கும் கணக்கே இல்லை, புரோகிராம் ஏதோ ஒரு எண்ணைத் தந்துவிடும், அதை நம்பக் கூடாது. மூன்றே ரேஸ் நடந்த நாளில் திருத்தத்தைச் சுழியத்தை நோக்கிச் சுருக்க வேண்டும், இல்லையென்றால் தற்செயலான ஏற்றத்தாழ்வையே டிராக்கின் வேகம் என்று எடுத்துக்கொள்ளும்.

ஆறாவது ரேஸை இது எப்படிக் கையாளும்? நாளுக்கான திருத்தத்தோடு ரேஸுக்கான சிறு திருத்தமும் இந்தக் கணக்கில் இருந்தால், எண் 73-க்கும் 83-க்கும் நடுவே எங்கோ நிற்கும். ரேஸ் திருத்தத்துக்குப் பாதி எடை என்றால் 78. எல்லா ரேஸுக்கும் ஒரே விதியில் இது நடக்கிறது என்பதே இந்த முறையின் பெரிய பலம். நாற்பது டிராக்குக்கு எண் போட வேண்டுமென்றால் வேறு வழியே இல்லை. ஒரு டிராக்கை மட்டும் பின்தொடர்பவருக்கு, தரவைச் சுத்தம் செய்யும் வேலை பலனைவிடப் பெரிது.

ஷீட்கள்

குதிரைக்கு ஒரு தாள் என்று அச்சிட்டுக் காசுக்கு விற்கும் எண்கள்தான் ஷீட்கள். அமெரிக்கரான லென் ராகோசினின் ஷீட்களும், அவரிடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த ஜெர்ரி பிரவுனின் தோரோ-கிராஃபும் ஒரே குடும்பம். இங்கே எண் குறையக் குறைய ஓட்டம் சிறந்தது. நேரத்தோடு சுமந்த எடை, காற்று, வளைவில் வெளியே ஓடி இழந்த தூரம் மூன்றும் எண்ணுக்குள் போகின்றன.

இழந்த தூரம் உண்மையான பொருள். அரைவட்ட வளைவில் வேலியிலிருந்து மூன்று அடி தள்ளி ஓடினால் கூடுதலாக ஒன்பதரை அடி ஓட வேண்டும், ஒரு லெங்த்துக்குச் சற்று மேல். நான்காவது பாதையில் வளைந்த குதிரை மூன்றரை லெங்த் கூடுதலாக ஓடியிருக்கிறது. 6 ஃபர்லாங்கில் அது எட்டுப் புள்ளிக்கு மேல். இதைப் பேயர் எண் காட்டாது. அதனால் ஷீட் காசுக்குத் தகுமா? மண்ணில், வளைவுகள் அதிகமுள்ள ரேஸ்களில், தகும். ஆனால் வேலியோரம் சேறாகக் கனத்த நாளில் வெளியே ஓடியது நஷ்டமே இல்லை, லாபம். மந்த பேஸில் வெளியே ஓடியதற்கும் முழு நஷ்டஈடு கொடுப்பது அதிகம். எடையைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் குதிரைகளுக்கு இடையே எடை வித்தியாசம் குறைவு, இந்தத் திருத்தம் இல்லாவிட்டாலும் பெரிய குடி முழுகாது.

ஷீட் படிப்பவர்கள் பேசும் 'பவுன்ஸ்', அதாவது உச்ச எண்ணுக்குப் பின் குதிரை சறுக்கும் என்ற கொள்கை, அளவுக்கு மீறி நம்பப்படுகிறது. எந்த எண்ணிலும் அளவீட்டுப் பிழை உண்டு. ஒரு குதிரையின் மிகச் சிறந்த எண் என்று தேர்ந்தெடுக்கும்போதே பிழை குதிரைக்குச் சாதகமாக இருக்கும் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம். அடுத்த எண் மோசமாவதற்குக் குதிரை களைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிரிட்டிஷ் வழியும் புல் தரையும்

பிரிட்டனில் அலகு பவுண்டு, குதிரை சுமக்கும் எடையின் பவுண்டு. ஃபில் புல் என்பவர் 1948-இல் நிறுவிய டைம்ஃபார்மின் டைம்ஃபிகர், ரேஸிங் போஸ்ட் பத்திரிகையின் டாப்ஸ்பீடு ஆகியவை ஸ்டாண்டர்டு டைமிலிருந்து (அந்த டிராக்கில் அந்தத் தூரத்துக்கான அடிப்படை நேரம்) தொடங்கி, தரையின் மென்மைக்கு ஒரு ஃபர்லாங்குக்கு இவ்வளவு என்று கழித்து, சுமந்த எடையையும் வயதையும் சேர்த்துப் பவுண்டில் முடிகின்றன. ஃபிராங்கல் என்ற புகழ்பெற்ற குதிரைக்குக் கிடைத்த 147 இந்த வகை எண் அல்ல. அது டைம்ஃபார்மின் ஃபார்ம் ரேட்டிங், அதாவது யாரை எவ்வளவு வித்தியாசத்தில் வென்றது என்பதை வைத்துப் போடுவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேயர் எண்ணோடு ஒப்பிடுபவர்கள் நிறைய.

கணக்கு இப்படி: ஒரு மைலுக்கு ஸ்டாண்டர்டு 98.0, ஓடியது 101.2. ஒரு ஃபர்லாங்குக்கு 0.40 வினாடி மெதுவு. தரைக்கு 0.30 கழித்தால் மிச்சம் மொத்தம் 0.8 வினாடி. வினாடிக்கு ஆறு லெங்த், மைலில் லெங்த்துக்கு இரண்டு பவுண்டு, ஆக ஏறக்குறைய பத்துப் பவுண்டு குறைவு. இப்போது அன்று வளைவில் வேலியை நகர்த்தி 15 கெஜம் கூட்டியிருந்தார்கள், அதை நாம் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 கெஜத்துக்கு 0.85 வினாடி ஆகும். அந்தப் பத்துப் பவுண்டு குறை முழுவதும் வேலியால் வந்தது. புல் ரேஸுக்கு எண் போடுபவர் நேரத்தைத் திறக்கும் முன் வேலி அறிவிப்பைத் திறக்க வேண்டும். அமெரிக்கப் புல் ரேஸிலும் இதே சிக்கல், கூடவே ரன்-அப். கேட்டைத் தாண்டிச் சில அடி ஓடிய பிறகுதான் அங்கே கடிகாரம் தொடங்குகிறது, அந்தத் தூரம் ரேஸுக்கு ரேஸ் மாறும். ரன்-அப் நீண்டால் குதிரை வேகமெடுத்துவிட்ட நிலையில் கடிகாரம் தொடங்கும், நேரம் பொய்யாக நன்றாக வரும்.

புல்லில் முடிவு நேரத்தைவிடக் கடைசிப் பகுதியின் வேகம் பேசும். ஒரு மைல் ரேஸில் மொத்த நேரம் 96.0, கடைசி இரண்டு ஃபர்லாங் 23.4 என்றால், ஃபர்லாங்குக்குச் சராசரி 12.0, கடைசியில் 11.7; 12.0-ஐ 11.7-ஆல் வகுத்தால் 102.6 சதவீதம். அந்த டிராக்கின் வழக்கமான சதவீதத்தைவிட இது கணிசமாக அதிகமென்றால் ரேஸ் மந்தமாக ஓடியிருக்கிறது, முடிவு எண் குதிரையைக் குறைத்துக் காட்டுகிறது. அமெரிக்க ரேஸ்களுக்கான டைம்ஃபார்ம்யுஎஸ் எண்கள் ஆரம்ப வேகத்தை எண்ணுக்குள்ளேயே சேர்த்துவிடுகின்றன. நம் ஆறாவது ரேஸ் போன்றவற்றில் அவை மற்ற பொது எண்களைவிட நியாயமாக நடந்துகொள்கின்றன. ஆரம்ப நேரம் தவறாகப் பதிவானால் எண்ணும் சேர்ந்தே கெடும் என்பது அதற்கான விலை.

நேரத்தையே சரிபார்ப்பது

எந்த முறையானாலும் தப்பான நேரத்திலிருந்து சரியான எண் வராது. ஜிபிஎஸ் கருவியில் எடுத்த நேரங்கள் சில டிராக்குகளில் பத்தில் சில பங்கு வினாடி தள்ளி வரும். 6 ஃபர்லாங்கில் 0.3 வினாடி நாலு புள்ளிக்கு மேல். சந்தேகம் வந்தால் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 0.033 வினாடி. ஒரே நிலையான கம்பத்திலிருந்து முடிவுக் கோடு வரை எண்ணி, அதே நாளின் மற்ற ரேஸ்களோடு ஒப்பிடுங்கள். கேமரா நகர்ந்துகொண்டே எடுப்பதால் கம்பத்தைக் கடக்கும் கணத்தில் ஒரு ஃபிரேமாவது முன்பின் இருக்கும்.

எதை எடுப்பது என்று முடிவு செய்ய, ஜெயித்த குதிரைகளின் சதவீதத்தை எண்ணாதீர்கள். பேயர் எண் எல்லோர் கையிலும் இருக்கிறது, அதில் முதலில் நிற்கும் குதிரையின் பந்தய விலை (ஜெயித்தால் கிடைக்கும் பணத்தின் மடங்கு) ஏற்கெனவே குறைந்திருக்கும். ஒரே குதிரையின் எண்கள் எவ்வளவு சீராக வருகின்றன என்றும் பார்க்காதீர்கள், தாராளமான புரொஜெக்‌ஷன் கை அந்தப் பரீட்சையில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும். ஒவ்வொரு முறையின் எண்ணையும் ரேஸுக்கு முன்பே எழுதி வைத்து, அடுத்த ஓட்டத்தில் இரண்டு குதிரைகளுக்கு இடையே வந்த லெங்த் வித்தியாசத்தை எந்த எண் நெருங்குகிறது என்று பாருங்கள். பிறகு அதே கணக்கில் இறுதி விலையையும் சேருங்கள். விலை சொல்வதற்கு மேல் எண் ஏதாவது சொன்னால்தான் அதற்கு மதிப்பு. முந்நூறு ரேஸுக்குக் குறைவாக இந்தச் சோதனையைச் செய்தால் கிடைப்பது தற்செயல்தான்.

ஒரு மண் டிராக்கை மட்டும் பார்ப்பவருக்கு: பாரில் தொடங்கி, ஆறு மாதத்துக்குப் பின் புரொஜெக்‌ஷனைத் துணையாகச் சேருங்கள், ஆரம்ப வேக எண்ணைத் தனியாக வையுங்கள். பல டிராக் பார்ப்பவர் பொது எண்ணை வாங்கிவிட்டு, தான் அடிக்கடி பார்க்கும் டிராக்குக்கு மட்டும் சொந்தத் திருத்தம் போடுவது நேரத்துக்குத் தகும். புல்லுக்கும் செயற்கைத் தரைக்கும் முடிவு எண்ணை மட்டும் வாங்குவது வீண், கடைசிப் பகுதி நேரமும் சேர்ந்து வராத எதற்கும் காசு கொடுக்க வேண்டாம்.